கொடுத்தவனே தலைவன்! கடன்பட்டவன் ஊமையா?

கொடுப்பவன் கொடுத்துவிட்டு அகல்வானாயின் அது கொடை. கொடுத்த பொருளின்மேலேயே இருக்கை அமைத்து, வாங்கியவனின் கணக்கேட்டைத் தன் மடிமேல் விரித்துக்கொண்டு அமர்வானாயின் அதற்குப் பெயர் வேறு. அவ் வேறு பெயரைச் சொல்ல நாணியன்றோ, இன்றைய அரசுகள் 'கூட்டாண்மை' என்னும் இனிய சொல்லைப் போர்த்திக்கொள்கின்றன! அப் போர்வையை விலக்கிப் பார்க்க விழைவோர், ஆசிய வளர்ச்சி வைப்பகத்தையும் அதன் முதற்பெருங் கொடைநாடாகிய சப்பானையும் பார்த்தால் போதும்.

இவ் வைப்பகம் 1966இல் 31 நாடுகளைக் கொண்டு தொடங்கப்பெற்றது. இதன் தலைமையகத்தைத் தன் தலைநகரில் அமைத்துக்கொள்ளச் சப்பான் பெரிதும் முயன்றது. ஆயினும் 1965இல் நடந்த இறுதி வாக்கெடுப்பில் மணிலாவுக்கு 9 வாக்குகளும் தோக்கியோவுக்கு 8 வாக்குகளும் விழுந்தன. ஒரே வாக்கில் இடத்தை இழந்தது சப்பான், இருக்கையை இழந்ததா? இல்லை! முதல் தலைவர் தக்கேசி வத்தனபே முதலாக, 2025இல் பொறுப்பேற்ற மசாட்டோ கண்டா ஈறாகப் பதினொருவர் அவ் இருக்கையில் அமர்ந்துள்ளனர். பதினொருவரும் சப்பானியரே!

இதற்கு உடன்படிக்கையில் சட்டமுண்டோ? இல்லை. தலைவர் இவ் வட்டார உறுப்பு நாடொன்றின் குடிமகனாக இருத்தல் வேண்டும் என்பதே விதி. இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்சிலும் வங்காளத்திலும் பொருளியல் அறிந்த ஒருவர்கூடப் பிறக்கவில்லையா? அண்மைத் தேர்தல்களில் எதிர்நிற்பார் ஒருவருமின்றியே தலைவர் அமர்கின்றார். போட்டியில்லாத தேர்தலுக்குத் தேர்தல் என்று பெயரிடுவது, பூட்டிய கதவுக்கு வாயில் என்று பெயரிடுவதை ஒக்கும்.

வாக்குரிமையைப் பாருங்கள். மொத்த வாக்குகளில் நூற்றுக்கு இருபதே எல்லா நாடுகளுக்கும் ஒப்பப் பகிரப்படுகின்றது; எஞ்சிய எண்பதும் பங்குப் பணத்தின் அளவுப்படி சேர்கின்றது. சப்பானும் அமெரிக்காவும் தனித்தனியே ஏறத்தாழ 15.6 விழுக்காடு பங்கு வைத்துள்ளன. கடலுள் முழுகும் நிலையிலுள்ள சிறு தீவுநாடுகளின் குரலோ அத் தட்டில் ஒரு தூசு. பணத்திற்கே வாக்கு, பசிக்கு வாக்கில்லை!

சப்பான் ஈந்ததை நாம் சிறுமைப்படுத்தவில்லை. ஏழை நாடுகளுக்கென 1974இல் தொடங்கிய தனி வைப்புத் தொகைக்கு மிகுதியாகக் கொடுத்த நாடு அதுவே. அந் நாடும் ஒருகாலத்தில் கடன்பட்ட நாடுதான். தோக்கியோ - ஒசாக்கா விரைவுத் தொடர்வண்டிப் பாதைக்கென 1961இல் உலக வைப்பகத்திடம் 8 கோடி தாலர் வாங்கித் திருப்பிக் கொடுத்தது. அது தலைநிமிர்ந்தது கடனால் மட்டுமன்று. அறிவியலையும் தொழிலையும் தன் தாய்மொழியிற் கற்றதனால்! அங்ஙனம் தாய்மொழியால் உயர்ந்த நாடு தலைமை தாங்கும் வைப்பகத்தின் அலுவல்மொழி எது? ஆங்கிலம்! உடன்படிக்கையே அவ்வாறு விதிக்கின்றது. ஆசியாவின் பெயர் தாங்கிய நிறுவனத்தில் ஆசிய மொழி எதற்கும் இருக்கை இல்லை. சுருக்கவுரைகள் சில பெயர்க்கப்படுகின்றன. ஆனால் ஏழையைக் கட்டும் எழுத்து ஆங்கில எழுத்தே.

இதன் விளைவு ஏட்டோடு நிற்பதன்று. கொழும்பிலிருந்து மாத்தறைக்குச் செல்லும் தென்னிலங்கை விரைவுச்சாலைக்கு இவ் வைப்பகம் 1999இல் 9 கோடி தாலர் கடன்தர ஒப்பியது. மற்றொரு பகுதிக்குச் சப்பான் அரசின் கடன் வந்தது. முதலில் ஆய்ந்த தடம் ஒன்று. சாலை சென்ற தடம் வேறொன்று. நிலமும் வீடும் இழந்த ஊரார் 2004இல் வைப்பகத்திடமே முறையிட்டனர். வைப்பகம் தானே அமைத்த ஆய்வுக்குழு, தன் நெறிகள் பலவற்றை வைப்பகமே மீறியிருந்ததென 2005இல் கண்டறிந்தது. 2011இல் அச் சாலையில் வண்டிகள் ஓடத் தொடங்கின. அவ் ஊரார் சிங்கள உழவரே, ஆயினும் என்ன? மண்ணிழந்தவன் கண்ணீருக்கு இனமில்லை. கொடையாளியும் வைப்பகமும் கைகோத்து வரும்போது, நடுவில் நசுங்குபவன் எவன் என்பதற்கு அச் சாலையே சான்று.

தமிழர்களே! இஃது எங்கோ நடப்பதென்று வாளாவிருக்க வேண்டா. சென்னை - கன்னியாகுமரி தொழில்வழிச் சாலைகளுக்கென 2021இல் இதே வைப்பகத்திடம் 48.4 கோடி தாலர் கடனுக்கு இந்திய அரசு கையொப்பமிட்டது. சாலை நம் மண்ணில், திருப்பிக் கொடுக்கும் பொருள் நம் உழைப்பில், உடன்படிக்கை எம்மொழியில்? அதைப் படித்தறிந்த தமிழ் உழவர் எத்தனை பேர்?

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. கடன்வாங்கும் நாடுகளுக்கும் தலைமை இருக்கை சுழன்று வரல் வேண்டும். கடன் உடன்படிக்கைகள் கையொப்பத்திற்கு முன்னரே அவ்வம் மக்களின் மொழியில் முழுமையாக வெளிவரல் வேண்டும். நிலம் இழப்போர் தம் மொழியிற் படித்து ஒப்பினாலன்றி ஒரு கல்லும் நடப்படலாகாது.

உதவியை வேண்டா என்பார் நாம் அல்லர். ஆனால் உதவி என்பது தோளுக்குத் தோள் நிற்பது. தோள்மேல் ஏறி அமர்வதன்று. கைந்நீட்டி வாங்கும் மக்கள் வாய்மூடி வாங்க வேண்டும் என்பது எந்நாட்டு முறை? கடன் நம் தலைமேல் ஏறுமுன், அதன் சொல் நம் மொழியில் ஏறட்டும்!