ஏட்டில் ஏறாத உழைப்பு

குமரிக் கடற்கரையில் பொழுது புலருமுன்னரே தொழில் தொடங்கிவிடுகிறது. வள்ளங்கள் கரைசேரும் வேளையில் பெண்கள் கூடைகளோடு காத்து நிற்கின்றனர். ஏலத்தில் மீன் எடுத்து, தலைச்சுமையாகவும் பேருந்திலும் உள்ளூர்ச் சந்தைகளுக்குக் கொண்டுசென்று விற்று, வெயில் தாழ்ந்தே வீடு திரும்புகின்றனர். எஞ்சிய மீனை உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்குபவர்களும் அவர்களே. ஆண்கள் கடலில் பிடித்த மீன் கரையில் காசாவது இவர்களது கைகளால்தான்.

அரசின் ஏடு இவ்வூரைப் பற்றி என்ன சொல்கிறது? 1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்வாரி அட்டவணையில் உழைப்போர் ஒன்பது வகையினராகப் பிரிக்கப்பட்டிருந்தனர். கால்நடை, காடு, தோட்டப்பயிர் ஆகியவற்றோடு சேர்த்தேனும் மீன்பிடித் தொழிலுக்கு அதில் ஓர் இடம் இருந்தது. 2001இல் வகைகள் நான்காகச் சுருங்கின: சாகுபடி செய்வோர், விவசாயக் கூலிகள், வீட்டுத்தொழில் செய்வோர், பிறர். உழவருக்குப் பெயர் உண்டு. கடலோடிக்குப் பெயர் இல்லை. வங்கி எழுத்தரும் ஆசிரியரும் அமரும் அதே 'பிறர்' என்னும் பந்தியில் அவரும் அமர்த்தப்பட்டார். தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பி வாழும் ஊரே தன் சொந்த மண்ணில் 'பிறர்' ஆகிவிட்டது. இதைச் சுருக்கம் என்பதா, மறைப்பு என்பதா?

அந்தப் பந்தியிலும் இடம் கிட்டாதவர்கள் பெண்கள். வீட்டு வேலை மட்டுமே பார்க்கும் பெண்ணைக் கணக்கெடுப்பு 'உழைக்காதோர்' என்றே எழுதுகிறது. இல்லத்தரசிகளைப் பிச்சை எடுப்போரோடும் சிறைக்கைதிகளோடும் ஒரே வகையில் வைத்ததை 2010ஆம் ஆண்டில், விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில், உச்சநீதிமன்றமே கண்டித்தது. அரசு நடத்திய 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வோ, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் உழைக்கின்றனர் என்றது. அவ்வேலையில் ஈடுபடும் ஆண்களுக்கு 97 நிமிடங்களே. அரசின் ஒரு கை அளந்து எழுதுவதை மறு கை அழிக்கிறது.

ஆயினும் குற்றம் முழுவதையும் அரசின் தலையில் சுமத்திவிட்டு நாம் தப்பிக்க இயலாது. குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உழைப்பதும் வேலையே என்பது கணக்கெடுப்பின் விதி. 1991ஆம் ஆண்டின் வினாவிலேயே அது வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. விதி இருந்து பயன் என்ன? கணக்கெடுப்பவர் வாசலில் நின்று வினவும்போது, "அவள் வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்று விடை பகர்பவர் யார்? அவள் விற்ற மீனில் வாங்கிய அரிசியை உண்ட நாம்தான்!

ஏட்டில் மதிக்கப்படாத உழைப்பு வீதியில் மதிக்கப்படுவது அரிது. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர் நாற்றம் வீசுகிறதென்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். நாடே கொதித்தது, பணியாளர்மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. ஆனால் நடத்துநர் ஒருவரைத் தண்டித்தால் தீர்ந்துவிடும் நோயா இது? மீன் வேண்டும், மீன்காரி வேண்டாம் என்னும் மனநிலை நம் வீட்டு வாசலில் அல்லவா பிறக்கிறது?

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு, 2027 மார்ச் முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு நடைபெறும் என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது. மீன்பிடித் தொழிலுக்கு ஊர்வாரி அட்டவணையில் தனி இடம் கேட்பது நம் உரிமை. சந்தைக் கூரையும், குடிநீரும், கழிப்பறையும் கேட்டு மனு எழுதும்போது, எத்தனை பேருக்கு என்ற வினா எழும். அதற்குச் சான்று அந்த ஏட்டில் இருக்க வேண்டும்.

உரிமையைக் கேட்குமுன் கடமை ஒன்று உண்டு. கணக்கெடுப்பவர் வரும்போது ஆண்கள் சற்று விலகி நிற்கட்டும். "என்ன தொழில் செய்கிறீர்கள், அம்மா?" என்ற வினாவுக்கு அவர்களே விடை சொல்லட்டும்.