டிஷ் மகளுக்கு, பெட்டி உம்மாவுக்கு



மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எமது கரையோர ஊர்களில் வீடு மாறுவது பெரும்பாலும் வாடகைக்காகவோ உத்தியோக மாற்றத்துக்காகவோ அல்ல. மகளுக்குக் கலியாணம் முடிந்தால் வீடு மகளுக்கு. உம்மாவும் வாப்பாவும் மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வளவிலே கட்டிய சிறிய வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்த மகளுக்கும் அதே கதைதான். 1969-71 காலத்தில் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த தமது நூலில் இவ்வழக்கத்தை விரிவாகவே எழுதியிருக்கிறார். இது சரியா பிழையா என்பதை இன்னொரு மாதத்தில் பேசுவோம்.

உறுதியில் வீடும் வளவும் எழுதப்படுகின்றன. கூரைமேல் நிற்கும் டிஷ்ஷையும், ஹோலில் இருக்கும் பதிவுப் பெட்டியையும், அலுமாரிக்குள் கிடக்கும் பழைய கெசட்டுகளையும் எவரும் எழுதுவதில்லை. புது மாப்பிள்ளை வந்திருக்கும் வீட்டில் ரீவி வேலை செய்யாமல் கிடந்தால் மகளுக்கு வெட்கம். உழைத்து வாங்கிய பொருளை விட்டுவிட்டுப் போவது உம்மாவுக்கு மனக்குறை. இதில் என் அபிப்பிராயம் இதுதான்: டிஷ்ஷை வீட்டோடு விட்டுவிடுங்கள். பெட்டியை நீங்கள் கொண்டு போங்கள்.

ஏனெனில் டிஷ் என்பது வெறும் தகடும் கம்பியும். கடற்காற்றில் துருப்பிடித்த ஆணியைக் கழற்றப் போனால் பாதி ஆணி கழுத்தோடு முறியும், ஓடும் உடையும். புதிதாக ஒன்று பூட்டுவதே இலேசு. பக்கத்து வளவுதான் என்றால் அதுவும் தேவைப்படாது. டிஷ்ஷின் முன்னால் மூக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யில் இரண்டு வாயுள்ளது கிடைக்கிறது. அதைப் பூட்டினால் ஒரே டிஷ்ஷில் இருந்து இரண்டு வீட்டுக்கும் தனித்தனி வயர் இழுக்கலாம். ஆனால் இணைப்பு வேறு வேறாகவே இருக்க வேண்டும்.

புதிய டிஷ் பூட்டுவதானால் இடத்தை முதலில் பாருங்கள். டயலொக் ரீவியின் செய்மதி கிழக்கு 45 பாகையில், பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. கல்முனையில் இருந்து பார்த்தால் அது மேற்கில், சற்றே தெற்குச் சாய்ந்து, சுமார் 47 பாகை உயரத்தில் இருக்கும். அதாவது டிஷ் கடலுக்கு முதுகைக் காட்டி வயல் பக்கம் பார்க்கும். அந்தத் திசையில் தென்னையோ பக்கத்து வீட்டு மேல்மாடியோ இருந்தால், டிஷ்ஷில் இருந்து அது எவ்வளவு தூரமோ அதைவிட உயரமாக எழும்பி நின்றால் மறைக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வளரும் தென்னம்பிள்ளையையும் மறக்க வேண்டாம். மாரியில் கடும் மழை பெய்யும்போது படம் போவது வேறு விடயம். மழை விட்டால் அது தானாக வரும், கூரையில் ஆளை ஏற்றாதீர்கள்.

இடையே ஒன்று. புது வீட்டில் கிப்லா தெரியாமல், டிஷ் மேற்கே பார்க்கிறது என்று அதை வைத்து முஸல்லாவை விரித்துவிடாதீர்கள். எமது பகுதியில் இருந்து மக்கா, மேற்கில் இருந்து வடக்கே சுமார் 24 பாகை சாய்ந்திருக்கிறது. டிஷ்ஷோ தெற்கே சாய்கிறது.

இனிப் பெட்டி. இணைப்பு பெரும்பாலும் வாப்பாவின் அடையாள அட்டையில் இருக்கும். பெட்டியை மகள் வீட்டில் விட்டால் கட்டணப் பாக்கியும் வாப்பாவின் பெயரிலேயே ஏறும். மகள் தன் பெயரில் புதிய இணைப்பு எடுக்கட்டும். மேலும், பதிவு செய்யும் பெட்டிகள் பெரும்பாலானவை தாம் பதிந்ததைத் தமக்கு மட்டுமே விளங்கும்படி பூட்டி வைக்கின்றன. அந்த ஹார்ட் டிஸ்கையோ பென் டிரைவையோ வேறு பெட்டியில் செருகினால் ஒன்றும் தெரியாது. பெட்டியை மாற்றினால் பதிந்தவையும் போயின. நாடகம் போனால் போகட்டும். பேத்தி கிராஅத் ஓதிய நிகழ்ச்சி அதில் இருந்தால்?

உண்மையான பொருள் அலுமாரிக்குள் இருக்கிறது. சவூதிக்கும் குவைத்துக்கும் போன வாப்பாமாரும், வீட்டு வேலைக்குப் போன உம்மாமாரும் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கெசட்டுகள். டெக்கில் போட்டுப் பார்த்த கலியாண வீடியோக்கள். வீடு மாறும் அவசரத்தில் இவை சாக்கில் கட்டப்பட்டுக் குப்பைக்குப் போகின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் எத்தனையோ வீடுகளில் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உங்கள் கலியாண வீடியோவில் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போகும் பிள்ளை, இன்னொரு வீட்டார் இன்றுவரை முகம் தேடும் பிள்ளையாக இருக்கலாம். எறியுமுன் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அப்படி யாராவது இருந்தால் அந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

போட்டுப் பார்க்க டெக் வேண்டுமே! கடைசியாக டெக் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. ஆகவே வேலை செய்யும் பழைய டெக் எந்த வீட்டிலாவது இருந்தால் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்க வேண்டாம், தவணை முறையில் நாலு வீடு பாவிக்கலாம். கெசட்டின் ஜன்னலூடாக வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது. அது மற்றக் கெசட்டுகளுக்கும் தொற்றும்.

பிரதி எடுக்கக் கடைக்குக் கொடுப்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். கலியாண வீடியோவில் பெண்கள் பகுதி இருக்கிறது. முக்காடு விலகி, அந்நிய ஆண் பார்க்கமாட்டான் என்ற நம்பிக்கையில் சிரித்தவர்கள் அவர்கள். அந்தப் படம் உங்களிடம் உள்ள அமானிதம். கடைக்காரர் நல்லவராகவே இருந்தாலும் பிரதி அவருடைய கொம்பியூட்டரில் தங்கும். டெக்கையும் கொம்பியூட்டரையும் இணைக்கும் சிறிய கருவி கடைகளில் கிடைக்கிறது. வீட்டுப் பிள்ளைகளில் விடயம் தெரிந்த ஒரு மகளைக் கொண்டு செய்வியுங்கள். வேறு வழியில்லை என்றால் மகனோ தம்பியோ கடையில் இருந்து முடித்து, அழிப்பித்துவிட்டு வரட்டும்.

குரல் கெசட்டுகளுக்கு இந்தக் கஷ்டமில்லை. ரேடியோவின் ஹெட்போன் துவாரத்தில் இருந்து கொம்பியூட்டருக்கு ஒரு வயர் போதும். தொடங்குமுன் கெசட்டின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறிய பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். பேரப்பிள்ளை தவறிப் பதிவுப் பொத்தானை அமத்தினாலும் வாப்பாவின் சத்தம் அழியாது.