அன்னதான அடுப்பில் சாமைக்கும் இடம் வேண்டும்

பசித்தவருக்குச் சோறிடுவதில் எந்த மதமும் பின்தங்கியதல்ல. கோயில்களில் அன்னதானம், ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி, மாதா கோயில் திருவிழாக்களில் பொதுச் சாப்பாடு என்று ஆண்டு முழுவதும் அடுப்பு எரிகிறது. ஆனால் இந்த அடுப்புகளில் பெரும்பாலும் வேகுவது நெல்லரிசியே. கள்ளக்குறிச்சியின் மேற்கே கல்வராயன் மலையில் விளையும் சாமைக்கோ நிலையான விலை இல்லை. இந்த இரண்டையும் இணைத்தால் உண்பவர் வயிறும் நிறையும், விளைவித்தவர் வீட்டிலும் உலை கொதிக்கும்.

இதற்கு முன்மாதிரி தொலைவில் இல்லை. கடலூர் மாவட்டம் வடலூரில் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. சாதி, சமயம் கேட்காமல் அங்கே உணவிடப்படுகிறது. அதற்கு இடம் கொடுத்தவர்கள் பார்வதிபுரம் கிராமத்தார். குடியானவர் கை கொடுத்தால்தான் தருமம் நிலைக்கும் என்பதற்கு இதுவே சான்று.

கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு பயிரிட்டு வந்தனர். சாமை வானம் பார்த்த நிலத்திலும் விளையும். அதிக உரம் கேட்காது. மூன்று மாதத்தில் வீடு வந்து சேரும். இப்போது அந்த நிலங்களில் பெரும்பகுதி மரவள்ளிக்குப் போய்விட்டது. கிழங்கு விலை ஏறினால் கடன் அடையும். இறங்கினால் கையில் காசும் இல்லை, குதிரில் தானியமும் இல்லை. பிழைப்புத் தேடி வெளியூர் செல்வோர் பலர். 2024ஆம் ஆண்டு இம்மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்ததையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

திருவிழா நாளில் மலைக்குச் சென்று ஒரு வேளை சாப்பாடு போடுவது நல்ல காரியம்தான். ஆனால் மறுநாள் பசிக்கு அது விடை ஆகாது. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பகுதிகளின் கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகிகள் ஒன்றுகூடி, வாரத்தில் ஒரு நாள் உணவுக்கு மலைச் சாமை வாங்குவதென்று முடிவு செய்யலாம். சாமைப் பொங்கலும் சாம்பார் சாதமும் அன்னதானத்துக்கு ஏற்றவை. நோன்புக் கஞ்சிக்கும் சாமை நன்றாகக் குழையும். ஈகைப் பெருநாளுக்கு முன் கொடுக்கும் பித்ராவோ தானியமாகவே தரத்தக்கது. தேவாலயங்களின் அறுப்புப் பண்டிகையில் மலை விளைச்சலுக்கும் ஓர் இடம் தரலாம்.

இதில் இடையூறுகள் உண்டு. சாமையின் உமியை நீக்குவது கடினம். உரலில் குத்தும் வேலை பெண்கள் தலையில்தான் விழுகிறது. கல் நீக்காத சாமையைச் சமையல்காரர் தொட மாட்டார். ஆகவே, வாங்குவோர் சேர்ந்து மலையிலேயே ஓர் உமி நீக்கும் இயந்திரமும் கல் பிரிக்கும் இயந்திரமும் அமைக்க உதவ வேண்டும். கொள்முதலை மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கமோ மகளிர் குழுக்களோ செய்தால் இடைத்தரகருக்கு வேலை இல்லை. விலை நெல்லரிசியை விடக் கூடுதலாகத்தான் இருக்கும். அந்தக் கூடுதலும் தருமக் கணக்கில் சேரட்டும். 2023ஆம் ஆண்டு நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரசு கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. அரசால் முடிந்தது அறநிலையங்களால் முடியாதா?

ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் கணக்குப்படி 2024ஆம் ஆண்டில் உலகில் சுமார் 67 கோடிப் பேர் பசியில் வாடினர். 2030க்குள் பசியை ஒழிப்பதே நாடுகள் ஏற்ற இலக்கு. அவரவர் பக்கத்து மலையிலிருந்து தொடங்கினால்தான் அது கைகூடும். கல்வராயனில் பிறந்து வரும் கோமுகி ஆற்று நீரில்தான் சமவெளியின் நெல்லும் கரும்பும் விளைகின்றன. அந்தக் கடனை அடைக்க இது ஒரு வழி. முதல் மழைக்கு விதைக்குமுன், எத்தனை மூட்டை, என்ன விலை என்று நிர்வாகிகள் உறுதி சொன்னால் போதும். மலை உழவர் சாமையை விதைத்து விடுவர்.