பழி மென்பொருளுக்கு, செலவு நமக்கு

மென்பொருளைப் புதுப்பித்த மறுநாளே மடிக்கணினியின் பற்றரி ஒரு மணித்தியாலம்கூடத் தாங்கவில்லை என்பது இன்று ஊருக்கு ஊர் கேட்கும் முறைப்பாடு. மாத்தளை நகரிலும் கேட்கலாம். இறத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களிலும் கேட்கலாம். திருத்துபவரிடம் கொண்டுபோனால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். "பற்றரி செத்துவிட்டது, புதிது போடவேண்டும்" என்பது ஒன்று. "விண்டோஸை அழித்துவிட்டு மீண்டும் போடவேண்டும்" என்பது மற்றது. இரண்டுக்கும் காசு வேண்டும். ஆனால், எது உண்மை என்பதற்கு ஆதாரம் காட்டுவோர் குறைவு. அந்த ஆதாரத்தைக் கேட்டுப் பெறுவது பாவனையாளரின் உரிமை. அதைக் காட்டுவது விற்பவரினதும் திருத்துபவரினதும் கடமை. இதுவே நான் சொல்ல விரும்புவது.

இது பொழுதுபோக்குக் கருவி பற்றிய சில்லறை விவகாரம் என்று எண்ணுவோர் 2022ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கவேண்டும். அந்த ஆண்டு மார்ச் 31ஆம் திகதி இலங்கையில் மின்வெட்டு 13 மணித்தியாலங்களைத் தொட்டது. பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர், சுரங்க வழியாக வந்து உக்குவளையில் மின்சாரம் தருகிறது. பின்னர் போவத்தன்னையிலும் தருகிறது. இரண்டும் மாத்தளை மாவட்டத்து மின் நிலையங்களே. ஆயினும் அம்மாவட்டத்து வீடுகளும் லயன்களும் மற்றவர்களைப் போலவே இருட்டில் இருந்தன. ரூபாவின் பெறுமதியோ சில வாரங்களில் சரிந்து, டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை சென்றது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபா. இறக்குமதிப் பற்றரி ஒன்றின் விலை அந்தக் குடும்பத்துக்குப் பல நாள் உழைப்பு. அப்படியான வீட்டில் தேவையில்லாமல் ஒரு பற்றரியை மாற்றச் சொல்வது சிறிய தவறு அல்ல.

இனி, குற்றவாளி யார் என்ற கேள்விக்கு வருவோம். 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகம் முழுவதும் இதே முறைப்பாடு எழுந்தது. விண்டோஸ் 7க்கு மாறியவர்களின் கணினிகளில், பற்றரியை மாற்றுவது பற்றி யோசிக்குமாறு ஓர் எச்சரிக்கை தோன்றத் தொடங்கியது. புதிய மென்பொருள் பற்றரியைக் கெடுத்துவிட்டது என்று பலர் கொதித்தனர். அப்போது விண்டோஸ் பிரிவின் தலைவராக இருந்த ஸ்டீவன் சினோவ்ஸ்கி பெப்ரவரியில் விளக்கம் தந்தார். பற்றரி தனது முதற்கொள்ளளவில் 60 வீதத்தை இழந்துவிட்டால் மட்டுமே அந்த எச்சரிக்கை வரும். முன்னைய விண்டோஸ்களில் அப்படியொரு அறிவிப்பு இருக்கவில்லை. ஆகவே அது பழைய நோயையே வெளியே சொல்கிறது என்பது அவரது வாதம்.

ஆனால், நிறுவனங்கள் எப்போதும் குற்றமற்றவை என்று இதைக்கொண்டு முடிவு கட்டிவிட முடியாது. பற்றரி பழுதுபட்ட ஐபோன்களின் வேகத்தை 2017இல் ஒரு புதுப்பித்தல் மூலம் அப்பிள் நிறுவனம் குறைத்தது. தெளிவாகச் சொல்லாமலே அதைச் செய்துவிட்டு, அவ்வாண்டு டிசம்பரில்தான் ஒப்புக்கொண்டது. 2018இல் இத்தாலியப் போட்டி ஆணையம் 10 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. லிதியம் பற்றரியின் ஆயுள், அது தேயும் காரணங்கள், அதைப் பேணும் முறை ஆகியவற்றை வாங்கியவருக்கு முறையாக அறிவிக்காததும் அந்தத் தண்டத்துக்கு ஒரு காரணம். 2020இல் பிரான்ஸ் 25 மில்லியன் யூரோ அறவிட்டது. அறிவிக்காமல் விடுவதே குற்றம் என்பதைத்தான் இத்தீர்ப்புகள் சொல்கின்றன.

அப்படியானால் மாத்தளையில் இருப்பவர் என்ன செய்யலாம்? முதலில் இரண்டு மூன்று நாட்கள் பொறுத்திருக்கலாம். பெரிய புதுப்பித்தலின் பின்னர் கணினி தன் கோப்புகளின் தேடற்பட்டியலை மீளமைக்கும். எஞ்சிய வேலைகளைப் பின்னணியில் செய்யும். அதுவரை மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். பிறகு, திரை வெளிச்சமும் மின் சேமிப்பு அமைப்பும் மாறியிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். எந்தச் செயலி எவ்வளவு பற்றரியைத் தின்கிறது என்பதையும் அமைப்புப் பகுதியிலேயே காணலாம். விண்டோஸில் பெரிய புதுப்பித்தலாயின், வழமையாகப் பத்து நாட்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பவும் இயலும்.

இத்தனைக்குப் பின்னும் சரிவராவிட்டால், பற்றரி அறிக்கையைக் கேளுங்கள். விண்டோஸ் 8 முதல் அந்த வசதி கணினிக்குள்ளேயே இருக்கிறது. ஒற்றைக் கட்டளையில் கிடைப்பது. அதில் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும்: தொழிற்சாலையில் இருந்த கொள்ளளவு, இன்று முழுமையாக ஏற்றினால் கொள்ளும் அளவு. முதலாவது 50 வாற்று மணியும் இரண்டாவது 20 வாற்று மணியும் ஆயின், ஐந்து மணித்தியாலம் ஓடிய கணினி இனி இரண்டு மணித்தியாலமே ஓடும். அங்கே மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. இரண்டாவது எண் 45 என்றிருந்தும் சார்ஜ் விரைவாக இறங்கினால், புதிய பற்றரி வாங்குவது வீண்செலவு. பற்றரி வீங்கியிருந்தால் மட்டும் அறிக்கைக்கும் காத்திராமல் பாவனையை நிறுத்திவிட வேண்டும்.

இன்னொன்று. 80 வீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள் என்பது நிறுவனங்கள் தரும் அறிவுரை. நிறைந்த பற்றரியும் வெப்பமும் சேர்ந்தால் தேய்வு வேகமாகும் என்பது உண்மைதான். தம்புள்ளை வெக்கையில் அது இன்னும் பொருந்தும். ஆனால், மின்சாரம் எப்போதும் இருக்கும் நாடுகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட அறிவுரை அது. புயல் வந்தாலும் மின்வெட்டு அறிவித்தாலும் நமக்கு நூறு வீதமும் வேண்டும். சாதாரண நாட்களில் 80, எச்சரிக்கை வந்த நாளில் 100 என்பதே நம் நாட்டுக்கு உகந்த கணக்கு.

2027 பெப்ரவரி முதல், பாவனையாளர் தாமே கழற்றி மாற்றக்கூடிய பற்றரிகளே பெரும்பாலான கருவிகளில் இருக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் செய்திருக்கிறது. நம்மிடம் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. பாவித்த மடிக்கணினி விற்பவரும் புதிய பற்றரி பொருத்துபவரும் பற்றரி அறிக்கையை அச்சிட்டுக் கொடுக்கவேண்டும் என்று ஒரு பணிப்புரை விடுப்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்துவிட்டதால், பழைய இயந்திரங்களில் புதிய மென்பொருள் ஏற்றுவோர் கூடும் காலம் இது. முறைப்பாடுகளும் கூடும்.

அதுவரை, பற்றரி மாற்றவேண்டும் என்று யார் சொன்னாலும் வாசகர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும்: "அந்த இரண்டு எண்களையும் காட்டுகிறீர்களா?"