பிடியரிசியும் பொதுப்பந்தியும்

மெஞ்ஞானபுரத்துத் தூய பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி உயரமுடையது. சுற்றியுள்ள பனங்காட்டு வழிகளில் வருவோர்க்கு ஊர் தெரிவதற்கு முன்பே அது தெரிந்துவிடும். ஆயினும் நெல்லைச் சீமையின் கிறிஸ்தவச் சபைகளை அவற்றின் கோபுரங்களைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவோர், அவை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆற்றிவந்துள்ள பணியின் பெரும்பகுதியைக் காணத் தவறிவிடுவர். அப்பணி அடுப்படியில் தொடங்கிப் பந்தியில் நிறைவு பெறுவது. அதன் அருமையை உணர, ஓர் ஊர்ச்சபை எவ்வாறு வாழ்கிறது என்பதை அருகிருந்து நோக்க வேண்டும்.

ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபுகளைச் சேர்ந்த சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றிணைந்து உருவானதே இச்சபைகள் சேர்ந்துள்ள தென்னிந்தியத் திருச்சபை. அதில் பேராயர் ஒருவரின் மேற்பார்வைக்கு உட்பட்ட நிலப்பரப்பு திருமண்டலம் எனப்படும். ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள ஊர்ச்சபைகளின் தொகுதி சேகரம் எனப்படும். எல்லா ஊர்களுக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சென்றுவர ஒரு குருவானவரால் இயலாது என்பதால், ஊரோடு தங்கி ஜெபம் நடத்துவதும், நோயுற்றோரின் படுக்கையருகே அமர்வதும், சாவு வீட்டில் முதல் ஆளாக வந்து நிற்பதும் சபை ஊழியரின் கடமையாயின. முன்னாளில் உபதேசியார் என்று அழைக்கப்பட்ட இவரும், ஓய்வுநாள் பள்ளியில் சிறுவர்க்குக் கதை சொல்லும் இளைஞரும், ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் பணியாளரும் சபை வரலாறுகளில் அரிதாகவே பெயர் பெறுகின்றனர். ஆனால் அவர்களின்றி ஒரு சபையும் ஓராண்டுகூட நிலைத்திருக்க முடியாது.

இவர்கள் அனைவரையும் தாங்கி நிற்பது காணிக்கை. அதன் வடிவங்களுள் எளியது பிடியரிசி. உலைக்கென்று அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து, அதற்கெனச் சுவரோரம் வைத்திருக்கும் சிறு பானையில் இட்டுவிட்டு, அதன் பிறகே மீதியைக் களைந்து உலையில் இடுவது இச்சபைகளின் இல்லங்களில் வேரூன்றிய வழக்கம். பானை நிறைந்ததும் அரிசி ஆலயத்துக்குச் செல்லும். அங்கே அது விற்கப்பட்டுப் பணமாகி ஊழியச் செலவுக்குப் பயன்படும். கையில் காசு புழங்காத பெண்களும் தம் ஆளுகைக்குட்பட்ட ஒரே இடமான சமையலறையிலிருந்து சபையின் பணியில் பங்கேற்க இவ்வழக்கம் வழிசெய்தது என்பதும், வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் அப்பிடி தவறாமல் எடுக்கப்பட்டது என்பதும் ஆழ்ந்து எண்ணத்தக்கவை.

இத்தகைய ஈகை இச்சபைகளின் தொடக்கத்திலேயே அமைந்திருந்தது. பாளையங்கோட்டையில் 1785-இல் எழுந்த ஆலயம் குளோரிந்தா என்னும் கைம்பெண்ணின் முயற்சியால் உருவானது. கிறிஸ்துவைப் பின்பற்றியதற்காகத் தம் ஊர்களில் துன்புறுத்தப்பட்டோரைக் குடியமர்த்துவதற்கென்றே நிலம் வாங்கி, தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார் 1799-இல் முதலூர் என்னும் குடியிருப்பை நிறுவினார். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய ஊழியர் ரேனியஸ், இதே நோக்கத்தைத் தர்ம சங்கம் என்னும் அமைப்பின் வழியாக விரிவாக்கி, அடைக்கலம் தேடியோர்க்கு நிலமும் குடியிருப்பும் கிடைக்கச் செய்தார். விதவையரின் வாழ்வாதாரத்துக்கும் தனிச் சங்கம் ஏற்பட்டது. நற்செய்தி அறிவிப்பும், வீடிழந்தவனுக்கு வீடும் ஆதரவற்றவளுக்கு உணவும் தேடித் தருவதும் இச்சபைகளில் இருவேறு பணிகளாகப் பிரிக்கப்படவில்லை என்பதை இம்முயற்சிகள் காட்டுகின்றன. பாளையங்கோட்டையில் சாராள் தக்கரின் பெயரால் வளர்ந்த பெண்கல்வியும், பார்வையற்றோர்க்கும் செவித்திறன் குறைந்தோர்க்கும் எழுந்த பள்ளிகளும் அந்தப் புரிதலின் தொடர்ச்சியே.

பெறும் நிலையிலிருந்த ஒரு சபை, பிறர்க்குக் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்ததற்கு 1903-ஆம் ஆண்டு சான்றாகிறது. அவ்வாண்டு பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் தொடங்கப்பட்ட இந்திய மிஷனெரி சங்கம், வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல், நெல்லைச் சபைகளின் காணிக்கையைக் கொண்டே தன் ஊழியர்களைப் பிற மொழி பேசும் மக்களிடம் அனுப்ப முற்பட்டது. நிஜாமின் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல் அதன் முதற் பணித்தளம். சங்கத்தை நிறுவியோருள் முதன்மையானவரும் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவருமான வே. ச. அசரியா, தாமே தெலுங்கு கற்று அங்கு ஊழியராகச் சென்றார்; 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஊரின் எல்லையைத் தாண்டியிராத பெண்கள் எடுத்துவைத்த அரிசியும் பனைத்தொழிலாளர் ஈந்த சிறு காசும், அவர்கள் அறியாத ஒரு மொழியில் பள்ளிகளாகவும் சபைகளாகவும் உருப்பெற்றன.

காணிக்கையின் ஒரு பங்கு இவ்வாறு வெளியே செல்ல, மற்றொரு பங்கு ஊருக்குள்ளேயே சோறாகத் திரும்புகிறது. சபையார் அனைவரும் கூடிச் சமைத்து ஒன்றாக உண்ணும் பொது விருந்தே அசனம் என்பது. முந்திய நாள் இரவே ஆலய வளாகத்தில் ஆண்கள் அடுப்பு வெட்ட, பெண்கள் வட்டமாக அமர்ந்து காய் அரிய, விடியும்போது பெரிய வட்டாக்களில் குழம்பு கொதிக்கத் தொடங்கும். பகலில் ஊரார் அனைவரும், பிற சமயத்தவர் உட்பட, வரிசையாக அமர்ந்து ஒரே சோற்றை உண்பர். இதனை ஒரு திருவிழாக் கொண்டாட்டமாக மட்டும் கருதுவது போதாது. ரேனியஸ் தம் மாணவர் அனைவரும் சாதி பாராமல் சேர்ந்து உண்ண வேண்டும் என்று வலியுறுத்தியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது என்பது வரலாறு. வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்திலும் இரு சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அத்தகைய மண்ணில் ஒரே பந்தியில் அமர்வது, திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்குகொள்வோர் அதன் பொருளை வீதியிலும் ஏற்றுக்கொள்கின்றனர் என்னும் அறிக்கையாகும்.

அவ்வறிக்கை இன்னும் முழுமை பெறவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் சாதி இன்றும் குறுக்கே நிற்கிறது. திருமண்டலத் தேர்தல்களும் சொத்து வழக்குகளும் சபையாரின் ஆற்றலையும் காணிக்கையையும் விழுங்குகின்றன. இக்குறைகளை மறைத்துப் பாராட்டுவது சபைக்குச் செய்யும் நன்மையாகாது. இக்குறைகளையே முழு உண்மையாகக் கொண்டு சபையை ஒதுக்குவதும் நேர்மையாகாது. ஏழைப் பெண்ணின் பிடியரிசியிலிருந்து வளர்ந்த நிதிக்கு ஒவ்வொரு காசுக்கும் சபையார் முன் கணக்குக் காட்டுவதும், அசனப் பந்தியில் அருகமர்ந்தவரைக் கல்லறையிலும் சம்பந்தத்திலும் அருகில் ஏற்பதும், மணியடிப்பவர்க்கும் சபை ஊழியர்க்கும் வாழப் போதுமான ஊதியம் தருவதும் ஒவ்வோர் ஊர்ச்சபையின் கைக்கெட்டிய கடமைகள். இவற்றை நிறைவேற்றும் சபை, முன்னோர் தொடங்கிய பணியை அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து மேற்கொண்டு செல்கிறது. அதனினும் மேலான நன்றியை அவர்களுக்குச் செலுத்த இயலாது.