பழைய வண்டிக்கு சிந்தெடிக் ஆயில் ஆகாதா?

"பத்து வருசம் ஓடுன வண்டிங்க. சிந்தெடிக் ஊத்துனா சீலெல்லாம் போயிரும். இத்தன நாளா ஊத்துன ஆயிலே இருக்கட்டுங்க." திருப்பூர் ஒர்க்‌ஷாப்புகளில் அடிக்கடி காதில் விழும் யோசனை இது. சொல்பவர்கள் கைத்தொழில் தெரிந்தவர்கள். கேட்பவர்களோ நிட்டிங்கிலிருந்து டையிங்குக்கும், டையிங்கிலிருந்து காம்பாக்டிங்குக்கும் துணி ரோல் ஏற்றும் குட்டியானைக்காரர்கள், கட்டிங் பீஸ் மூட்டை சுமக்கும் எக்ஸ்எல் ஓட்டிகள், ஷிப்டுக்கு ஸ்பிளெண்டரில் போய்வரும் டெய்லர்கள். ஜாப் ஒர்க்கில் ஓடும் ஊரில் ஒரு பழைய வண்டி படுத்தால் ஒருவருடைய டெலிவரி தவறும். அதனால் இந்த யோசனையைப் பழக்கப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அது தவறு என்பது என் உறுதியான கருத்து.

முதலில் சீல் விஷயம். இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததில்லை. 1970களில் சிந்தெடிக் ஆயில் கார்களுக்கு வந்தபோது (மொபில் 1 சந்தைக்கு வந்தது 1974இல்) அதன் மூலப்பொருள்கள் ரப்பரிடம் வேறு மாதிரி நடந்துகொண்டன. பாலிஆல்ஃபாஒலிஃபின் வகை ரப்பரைச் சற்றுச் சுருக்கும். எஸ்டர் வகை உப்ப வைக்கும். கலவை சரியாக அமையாத ஆயில் சீலைக் கெடுத்தது. பிறகு இரண்டையும் அளவாகச் சேர்த்தும், சீலைப் பதமாக வைக்கும் சேர்மானங்களைப் போட்டும் அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டார்கள். இன்றைய தர வரையறைகளில் ரப்பர் துண்டுகளைச் சூடான ஆயிலில் ஊறவைத்து, பருமனும் கடினமும் எவ்வளவு மாறுகின்றன என்று அளப்பதும் ஒரு சோதனை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது கடையில் சிந்தெடிக் என்று விற்பதில் பெரும்பகுதி, கச்சா எண்ணெயை ஹைட்ரஜனோடு சேர்த்துப் பிளந்து சுத்திகரித்த குரூப் 3 ஆயில். அதை சிந்தெடிக் என்று அழைக்கலாமா என்று அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் வந்த விளம்பரத் தகராறு 1999இல் 'அழைக்கலாம்' என்று முடிந்தது. வேதியியல் தன்மையில் அது இத்தனை நாள் ஊற்றிவந்த மினரல் ஆயிலுக்கு நெருங்கிய உறவு. பழைய சீலுக்கு அது புதுப் பொருளே அல்ல.

அப்படியானால் மெக்கானிக் தன் கண்ணால் பார்த்த ஒழுக்கு பொய்யா? பொய்யில்லை. பத்து, பதினைந்து வருடச் சூட்டில் சீலின் ரப்பர் விறைத்துப்போகிறது. கிராங்க் ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தில் கோடு விழுந்து பள்ளமாகிறது. அந்த இடைவெளியில் கரியும் கசடும் அடைந்து தற்காலிகமாக ஒழுக்கை நிறுத்தி வைத்திருக்கும். கழுவும் திறன் உள்ள புது ஆயில் அந்தக் கசடைக் கரைத்ததும், மறைந்திருந்த ஒழுக்கு வெளியே தெரிகிறது. நல்ல மினரல் டீசல் ஆயில் ஊற்றியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். பல சமயம் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: 20டபிள்யூ-50 ஓடிய என்ஜினில், சிந்தெடிக் என்ற பெயரை மட்டும் பார்த்து 5டபிள்யூ-30 ஊற்றிவிடுகிறார்கள். மாறியது ஆயிலின் கிரேடு. பழி சிந்தெடிக் மேல் விழுகிறது. சீல் விறைத்திருந்தால் சீலை மாற்ற வேண்டும். கசடை நம்பி ஓட்டிக்கொண்டிருப்பது பராமரிப்பு ஆகாது.

அடுத்த பேச்சு: "சிந்தெடிக் தண்ணியாட்டம் இருக்குதுங்க, தேஞ்ச என்ஜினுக்குக் கெட்டி ஆயில்தான் நிக்கும்." கெட்டித்தன்மையைத் தீர்மானிப்பது டப்பாவில் இருக்கும் எண். எஸ்ஏஇ வரையறைப்படி, 40 என்று முடியும் எந்த ஆயிலும் 100 டிகிரி செல்சியஸில் 12.5 சென்டிஸ்டோக்குக்குக் குறையக் கூடாது, 16.3ஐ எட்டக் கூடாது. 20டபிள்யூ-40 மினரலுக்கும் 5டபிள்யூ-40 சிந்தெடிக்குக்கும் அதே வரம்புதான். என்ஜின் சூடாகி ஓடும்போது இரண்டும் ஏறத்தாழ ஒரே தடிமன். டப்பாவைச் சாய்த்து ஊற்றும்போது ஒன்று இளக்கமாகத் தெரிவது ஆறிய நிலையில் மட்டும்.

இந்த இடத்தில் விற்பனையாளர்கள் சொல்வதையும் மறுக்க வேண்டியிருக்கிறது. குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது காப்பாற்றும் என்று சிந்தெடிக்கைப் புகழ்வது பனி பெய்யும் நாடுகளுக்குச் சரி. 20டபிள்யூ ஆயிலின் குளிர்ச் சோதனையே மைனஸ் 15 டிகிரியில் நடக்கிறது. மார்கழி விடியலில்கூடத் திருப்பூர் அதன் பக்கத்தில் போவதில்லை. நமக்கு உண்மையான லாபம் சூட்டில் இருக்கிறது. சித்திரை வெயிலில் முழு லோடோடு பல்லடம் ரோட்டில் ஊர்ந்து போகும் வேனில் மினரல் ஆயில் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதன் லேசான பகுதி ஆவியாகிப் போக மீதி கெட்டிப்படுகிறது. சிந்தெடிக் அவ்வளவு சீக்கிரம் ஆவியாவதில்லை, கெட்டிப்படுவதும் இல்லை. பைக்கில் இன்னொரு சிரமம் உண்டு. என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் என்பதால், மல்டிகிரேடு தன்மைக்காகச் சேர்த்த பாலிமரைக் கியர் பற்கள் நறுக்கித் தள்ளுகின்றன. ஆயில் சீக்கிரம் இளகுகிறது. சூடு ஏறினாலும் தடிமனை இயல்பிலேயே அதிகம் இழக்காத சிந்தெடிக்குக்கு அந்தப் பாலிமர் குறைவாகவே தேவைப்படும்.

"மினரல் ஊத்துன என்ஜின்ல சிந்தெடிக் கலந்தா கட்டிப்போகும்" என்பது நீண்ட விளக்கம் கேட்காத பேச்சு. ஏபிஐ தரச் சான்று பெறும் என்ஜின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்க வேண்டும் என்பது விதி. செமி சிந்தெடிக் என்று விற்பதே இந்த இரண்டின் கலவைதான். பந்தய வண்டிகளுக்கான ஆமணக்கு எண்ணெய் போன்ற சிலவற்றை மட்டும் மினரலோடு கலக்கக் கூடாது. அவற்றைத் தெருவண்டியில் யாரும் ஊற்றுவதில்லை.

கரி பற்றிய பேச்சு கொஞ்சம் நுட்பமானது. "சிந்தெடிக் கரியைக் கழுவி எடுத்துரும், அப்புறம் ரிங் லூசாகிக் கம்ப்ரஷன் போயிரும்" என்கிறார்கள். முதலாவது, கழுவுவது அடிப்படை ஆயில் அல்ல. அதில் சேர்த்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் சேர்மானங்கள். ஏபிஐ சிஐ-4 தர மினரல் டீசல் ஆயிலில் அவை தாராளமாகவே இருக்கின்றன. இரண்டாவது, ரிங்குக்குப் பின்னால் அடைந்த கரி கம்ப்ரஷனைப் பிடித்து வைப்பதில்லை. ரிங்கை அதன் காடியிலேயே ஒட்டவைத்து, வண்டி ஆயில் குடிக்க வழி செய்கிறது. ஆனால் மெக்கானிக் பயப்படுவதில் ஓர் உண்மை இருக்கிறது. வருடக்கணக்கில் ஆயில் மாற்றாமல் கசடு கட்டிய என்ஜினில், ஒரே நேரத்தில் பெயர்ந்து வரும் கசடு சம்ப்பில் உள்ள வடிகட்டி வலையை அடைக்கலாம். அப்படிப்பட்ட வண்டிக்கு முதலில் சாதாரண நல்ல ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, வழக்கமான தூரத்தில் பாதியிலேயே இரண்டு முறை மாற்றிவிட்டு, பிறகு சிந்தெடிக்குக்குப் போவதே பாதுகாப்பு.

பைக் ஓட்டிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. "சிந்தெடிக் ஊத்துனேன், கிளட்ச் வழுக்குது" என்று சொல்பவர் பெரும்பாலும் காருக்கான ஆயிலை ஊற்றியிருப்பார். கார் ஆயிலில் பெட்ரோல் மிச்சப்படுத்தச் சேர்க்கும் உராய்வுக் குறைப்பான்கள், ஆயிலுக்குள்ளேயே சுழலும் பைக் கிளட்சுக்கு ஒத்துவராது. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் மினரலும் சரி, சிந்தெடிக்கும் சரி. பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லுக்கு இந்தக் கேள்வியே பொருந்தாது. அது பெட்ரோலோடு எரிந்துபோகும் 2டி ஆயில் கேட்கும் வண்டி. புகை குறைந்த ஜாசோ எஃப்சி தரம் போதும்.

மறுபக்கத்தில் இருந்து வரும் பேச்சுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது: "சிந்தெடிக் ஊத்திட்டா பதினஞ்சாயிரம் கிலோமீட்டர் தொட வேண்டியதில்லை." திருப்பூரின் ஓட்டம் அதற்கு இடம் தராது. இரண்டு, மூன்று கிலோமீட்டர் போய் நிற்கும். டையிங் வாசலில் வரிசையில் என்ஜின் ஓடியபடியே காத்திருக்கும். மறுபடி ஒரு குட்டை நடை. என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிடுவதால், ஆயிலில் சேரும் எரிபொருளும் நீராவியும் வெளியேறுவதில்லை. தேய்ந்த ரிங் வழியாக டீசல் கரி இறங்குகிறது. பஞ்சு கோத்த ஏர் ஃபில்டரை மாற்றாமல் விட்டால் தூசியும் சேரும். இந்த அழுக்குக்கு எந்த ஆயிலும் விலக்கு இல்லை. ஓடோமீட்டர் காட்டும் தூரத்தைவிட என்ஜின் உழைத்த நேரம் அதிகம். ஆகவே சிந்தெடிக் ஊற்றினாலும், வண்டிக் கம்பெனி கடின உபயோகத்துக்குச் சொன்ன இடைவெளியைத் தாண்டக் கூடாது. 2020 ஏப்ரல் முதல் டீசலில் கந்தகம் 10 பிபிஎம் என்ற அளவுக்கு இறங்கியது; பிஎஸ்-3 காலத்தில் அது 350 வரை இருந்தது. கந்தகத்தால் ஆயிலில் அமிலம் சேர்வது பழைய வண்டிக்கும் குறைந்திருக்கிறது. மற்ற அழுக்குகள் அப்படியே இருக்கின்றன.

எனவே எல்லாரும் சிந்தெடிக் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கும் வேனில் அதை ஊற்றுவது பணத்தைப் புகைப்பது. ரிங் வேலை முடியும்வரை சரியான கிரேடு மினரலே போதும். ஆயில் குறையாமல், ஒழுக்கு இல்லாமல், வெயிலில் கனத்த லோடு இழுக்கும் வண்டிக்கு சிந்தெடிக் கொடுத்த காசுக்கு உழைக்கும்.

மினரலா சிந்தெடிக்கா என்பதைவிடப் பெரிய பிரச்சினை லூஸ் ஆயில். நிட்டிங் மெஷினுக்கு நீடில் ஆயில் வாங்கும்போது, துவைத்தால் கறை போகுமா, 22ஆ 32ஆ என்று விசாரித்தே வாங்குகிறோம். கறை விழுந்தால் துணி ரிஜெக்ட் ஆகும் என்று தெரியும். அதே அக்கறை வேனுக்கு வரும்போது பீப்பாயிலிருந்து பிடித்த, தரம் எழுதாத ஆயிலில் முடிவது வருத்தம் தருகிறது. சீல் உடையாத டப்பா வாங்குங்கள். காலி டப்பாவைக் குத்தி ஓட்டை போட்டு எறியுங்கள், போலி நிரப்புபவர் கைக்கு அது போகக் கூடாது. வடித்த ஆயில் 2016 விதிகளின்படி அபாயக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். நொய்யல் ஆறு மாசுபட்டதால் 2011இல் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்ததைப் பார்த்த ஊரில், அதைச் சாக்கடையில் ஊற்றுவதற்கு எந்தச் சாக்கும் செல்லாது.

மாற்ற முடிவு செய்தவர்கள், வண்டிப் புத்தகம் சொல்லும் கிரேடிலேயே சிந்தெடிக் வாங்கி, ஃபில்டரும் டிரெயின் போல்ட் வாஷரும் புதிதாகப் போடட்டும். முதல் மாதம் வாரம் ஒருமுறை, வண்டி சமதளத்தில் ஆறி நிற்கும்போது டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். டீசல் வண்டியில் ஆயில் கறுத்திருந்தால் பயம் வேண்டாம், கரியைத் தனக்குள் ஏந்திக்கொள்வது அதன் வேலை. அளவு இறங்கியிருந்தால் சீலையும் ரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். இறங்காவிட்டால் அதே ஆயிலில் தொடரலாம்.