மீன் வாங்காதேன்னு ஷேர் பண்ணாதீங்க, சோதனை முடிவு எங்கேன்னு கேளுங்க

தோழர்களே, ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக் குழம்புல கொதிக்கிற மடவை எந்தத் தண்ணியில வளர்ந்ததுன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?

நம்ம திருவள்ளூர் மாவட்டத்து ஆரணியாறு பொன்னேரி வழியா பழவேற்காடு ஏரிக்குப் போகுது. கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்துல கடல்ல கலக்குது. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்காலைகளும், பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலைகளும் இருக்கு. தெற்கே அனல்மின் நிலையங்களின் சாம்பல் குழாய் கசிந்து ஆற்றில் படிந்த கதை, 2022-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பு வரைக்கும் போச்சு.

நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், காட்மியம், பாதரசம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. அது வண்டலில் தங்கும். வண்டலை மேயும் மடவை, தண்ணியை வடிகட்டித் தின்னும் மட்டி, சேத்துல கிடக்கும் நண்டு வழியா நம்ம தட்டுக்கு வரும். எவ்வளவு கொதிக்க வெச்சாலும் உலோகம் அழியாது. காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதுல பாதுகாப்பான அளவுன்னு எதுவும் தெரியலைன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் வந்தப்போ எல்லா கேமராவும் எண்ணூருக்கு வந்துச்சு. ஏன்னா எண்ணெய் கண்ணுக்குத் தெரியும். ஈயத்துக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச மீன் சாப்பிட்டவங்களோட நோய் 1956-ல் பதிவாச்சு. ஆலைக்கழிவுதான் காரணம்னு அரசு ஒப்புக்கொண்டது 1968-ல். நடுவுல 12 வருஷம் மக்கள் அந்த மீனைத்தான் சாப்பிட்டாங்க. நமக்கு அந்த 12 வருஷம் வேண்டாம்.

அதுக்காக "விஷ மீன், வாங்காதீங்க"ன்னு வாட்ஸ்அப்ல தட்டிவிடாதீங்க. பறியைப் பல்லில் கடிச்சுக்கிட்டு, சேத்துல கையால இறால் தடவிப் பிடிக்கிற இருளர் அக்காவோட அன்றாடக் கூலிதான் முதல்ல போகும். கசியவிட்டவனுக்கு ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. ஆலையை மூடுன்னும் நான் சொல்லலை; என்கூட இன்ஜினியரிங் படிச்ச பாதிப் பேர் சிப்காட்லதான் ஷிஃப்ட் போறாங்க.

நாம கேட்க வேண்டியது மூணு:

1. ரெண்டு ஆற்றிலும், ஏரியிலும் மாதாமாதம் மீன், இறால், நண்டு, மட்டி, வண்டல் சோதனை.
2. முடிவு தமிழில், மீன் ஏலம் நடக்கும் இடத்திலும் ரேஷன் கடையிலும் பலகையில்.
3. அளவு மீறி விற்பனையை நிறுத்தினால், அத்தனை நாளுக்கும் மீனவருக்கு நிவாரணம். அந்தப் பணம் மாசுபடுத்தியவரிடமிருந்து.

எதிரணிக்காரன் "உங்க ஆட்சியில சாம்பல் ஓடலையா?"ன்னு கமெண்ட் போடுவான். ஓடுச்சுன்னே சொல்லுங்க. சாம்பல் கொடி பார்த்து ஓடறதில்லை. எந்த ஆட்சியா இருந்தாலும் இந்தக் கேள்வி நிக்கும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை. 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு: "இந்த ஆறுகளின் மீனில் ஈயம், காட்மியம், பாதரசம் கடைசியாக எந்தத் தேதியில் சோதிக்கப்பட்டது? முடிவு என்ன?"

மனுவைப் படம் எடுத்து கமெண்ட்ல போடுங்க. முகவரியை மறைச்சுட்டுப் போடுங்க. லைக்கை விட அந்த மனுதான் நமக்கு வேணும்.

#மீனைச்சோதி #ஆற்றைக்காப்போம்